கும்பகர்ணனுக்கு ஓர் உறங்காவில்லி

கேள்வி: மற்றவர் தூங்குவதை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்கும் தனிப் படிப்பு வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். தூங்குபவருக்குத் தம் தூக்கத்தில் நடப்பது தெரியாது என்பதால், வனவாசத்தில் கண்ணுறங்காது காவல் நின்ற இலக்குவனைப் போல, அதை அவருக்காக அறிந்து சொல்ல ஒருவர் விழித்திருக்க வேண்டியுள்ளது. அமெரிக்காவில் தூக்க ஆய்வுத் தொழில்நுட்பர் முதன்மையாகக் கற்பது பாலிசோம்னோகிராபி, அதாவது மூளை அலை, கண்ணசைவு, தசை இறுக்கம், மூச்சு, இதயத் துடிப்பு, இரத்த ஆக்சிஜன் ஆகியவற்றை ஒருசேரப் பதியும் முறை. தலையை நாடாவால் அளந்து, அத்தொலைவை 10, 20 விழுக்காட்டுப் பகுதிகளாகப் பிரித்து, குறித்த இடங்களில் மின்முனைகளை ஒட்டக் கை பழக வேண்டும்.

கைப்பழக்கத்தைவிடக் கண்பழக்கமே அரிது. பதிவு 30 நொடித் துண்டுகளாகப் பிரிக்கப்படுவதால் 8 மணி நேர இரவு 960 துண்டுகளாகிறது. ஒவ்வொன்றும் விழிப்பா, மென்துயிலா, ஆழ்துயிலா, 1953இல் சிகாகோ ஆய்வாளர்கள் அறிவித்த விரைவு விழியசைவுத் துயிலா என்று தீர்மானிக்கப்பட வேண்டும். மூச்சு குறைந்தது 10 நொடி நின்றுபோவது அப்னியா எனப்படும். அது தொண்டை அடைத்ததாலா, மூளையின் கட்டளை வராததாலா என்பதை மார்பிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகளின் அசைவு காட்டிக்கொடுக்கும். சான்றிதழ்த் தேர்வெழுத, நின்ற இதயத்தை மீட்கும் முதலுதவிப் பயிற்சியும் தேவை. இரவுப் பணிக்கு உடல் ஒத்துழைக்குமா என்பதைச் சேரும் முன்பே சோதித்துப் பாருங்கள்.