விருந்தாளியை நெல்லைக்குக் காட்டுவது எப்படி?

உங்கள் பெர்லின் நண்பர் டிசம்பர் லீவில் திருநெல்வேலிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாரா? முதல் வேலையாக, ராத்திரி கண்விழித்து நீங்கள் போட்ட பயணத் திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். ஊரை அவருக்குக் காட்டப் போகிறோம் என்ற நினைப்பில் போட்ட திட்டம் அது. நடக்கப்போவது வேறு. அவரைத்தான் ஊருக்குக் காட்டப் போகிறீர்கள்.

அம்மா இந்நேரம் டவுன் அத்தைக்கும் பாளையங்கோட்டைப் பெரியப்பாவுக்கும் போன் போட்டிருப்பாள். ஒரு வீட்டை விட்டாலும் அடுத்த கல்யாணம் வரைக்கும் பேச்சு வரும். ஆகவே சொந்தக்காரர் வீடுகளை முதலில் முடித்துவிடுங்கள். போகிற வீட்டிலெல்லாம் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வைப்பார்கள், மிக்சரும் காபியும் வரும், பிறகு கேள்வி ஆரம்பிக்கும். இங்கேதான் மொழிபெயர்ப்பாளருக்குத் திறமை வேண்டும். "மாசம் என்ன வருது?" என்று பெரியப்பா கேட்டால், "உங்கள் ஊரில் விலைவாசி எப்படி?" என்று நண்பரிடம் கேளுங்கள். தோழியோடு ஒரே வீட்டில் பல வருஷமாக இருக்கிறேன், கல்யாணத்தைப் பற்றி யோசிக்கவில்லை என்று அவர் விளக்கமாகச் சொல்லுவார். "நிச்சயம் ஆயிட்டு அத்தை, தேதிதான் குறிக்கல" என்று முடித்துவிடுங்கள்.

மத்தியானச் சாப்பாடு சொதி என்றால் உங்களுக்கு நல்ல காலம். கல்யாணத்துக்கு மறுவீட்டு விருந்தில் போடுகிற குழம்பு. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி. காரத்துக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கரண்டிக்கு. போதும் என்று அவர் கையைக் காட்டுவார். கைக்கும் இலைக்கும் நடுவே இருக்கிற சந்தில் சோறு விழும். "ஏல, அவிய ஒண்ணுமே சாப்பிடலியே" என்று அத்தை உங்களைத்தான் திட்டுவாள். இலையைத் தன் பக்கமாக மடித்து மூட முந்தின நாளே பழக்கிவிடுங்கள். ஊரில் வேறு எதைப் பழகாவிட்டாலும் பாதகமில்லை.

இனி ஊர். நெல்லையப்பர் கோயிலில் இசைத்தூண்களையும் தாமிர சபையையும் காட்டலாம். கூட வருகிற மச்சான் உங்களைவிட நன்றாகவே விளக்குவான், பாதி அவனே உண்டாக்கியது. தாமிரபரணிமேல் சுலோசன முதலியார் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டுங்கள். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த ஒரு மனிதர் தன் கைக்காசைப் போட்டு இதைக் கட்டினார், 1843-ல் திறந்தார்கள் என்று சொல்லுங்கள். நண்பர் உடனே நம்பிவிடுவார். மச்சான் நம்பமாட்டான். அரசாங்க உத்தியோகஸ்தர் சொந்தக் காசில் பாலமா என்று வீடு வருகிறவரை கேட்டுக்கொண்டே வருவான்.

திருச்செந்தூர் சாலையில் ஆதிச்சநல்லூருக்குப் போகும்போது கொஞ்சம் ஜாக்கிரதை. முதுமக்கள் தாழிகளைப் பற்றி நீங்கள் நெஞ்சை நிமிர்த்திப் பேசுவீர்கள். 1876-ல் இங்கே முதலில் தோண்டியவர் யார் என்று அவர் கேட்பார். யாகோர் என்ற ஜெர்மானியர். கிடைத்ததெல்லாம் எங்கே? பெர்லினுக்குப் போய்விட்டது. அவர் வீட்டிலிருந்து டிக்கெட் எடுத்துப் போகிற தூரத்தில் இருந்ததைக் காட்ட, கடல் கடந்து கூட்டிவந்து வெயிலில் நிறுத்தியிருக்கிறீர்கள். அவருக்குச் சங்கடமாகிவிடும். அந்தச் சங்கடத்தைக் கொஞ்ச நேரம் அனுபவிக்க உங்களுக்கு உரிமை உண்டு. பிறகு, பிற்பாடு இங்கே தோண்டிய அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை மியூசியத்தில் இருக்கின்றன என்று சொல்லித் தேற்றுங்கள்.

சாயங்காலம் இருட்டுக்கடை வரிசை. கையில் நெய் வழிய, சூடான அல்வாவை அங்கேயே நின்று சாப்பிடுவதுதான் முறை. ஸ்பூன் கேட்டால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுங்கள். ஒரு பிடி மிக்சர் கொடுத்தால் திகட்டல் போகும்.

குற்றாலம்தான் பெரிய சிக்கல். சாரல் விழுகிறபோது யாருக்கும் லீவு விழாது. டிசம்பரில் ஒன்று வெள்ளம் வந்து குளிக்கத் தடை, இல்லையென்றால் சபரிமலைக்குப் போகிற ஐயப்பமார் கூட்டம். தடை இல்லாத நாளாகப் பார்த்துப் பேரருவிக்குக் கூட்டிப்போனீர்கள் என்று வையுங்கள். அவர் தலையை நனைப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ ஒருவர் அவரைத் தோளைப் பிடித்து நல்ல விசையில் நிறுத்துவார், "இங்க நில்லுங்க சார், இங்கதான் நல்லா விழும்." வெளியே வந்தால், ராஜபாளையத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் கைக்குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துப் படம் எடுக்கும். குழந்தை வீறிடும். அடுத்த குடும்பம் வரிசையில் நிற்கும். குரங்கு அவருடைய பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தின்றுகொண்டிருக்கும். அருவியைப் பார்த்தீர்களா என்று அப்புறம் கேட்காதீர்கள். அவருக்கு நேரம் கிடைத்திருக்காது.

பசிக்கு அங்கிருந்து பார்டர் புரோட்டாக் கடை. செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தபோது எல்லை அந்தப் பக்கத்தில்தான் ஓடியது. 1956-ல் எல்லையை மேற்கே நகர்த்திவிட்டார்கள். பெயர் மட்டும் புரோட்டாவோடு நின்றுவிட்டது. சால்னாவில் ஊறிய புரோட்டாவை முன்னால் வைத்தபிறகு இந்த வரலாற்றைச் சொல்லாதீர்கள். அவர் கேட்கமாட்டார், உங்களுடையதும் ஆறிப்போகும்.

கிளம்புகிற அன்று அவர் பெட்டியில் அல்வா, உடன்குடிக் கருப்பட்டி, பத்தமடைப் பாய், அத்தை கொடுத்த இஞ்சிப் பச்சடி என்று சேர்ந்திருக்கும். பச்சடியை மட்டும் கைப்பையில் வைக்க விடாதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். அடுத்த தடவை தோழியோடு வருகிறேன் என்பார். கல்யாணம் முடிந்துவிட்டதாக வீட்டில் சொல்லிவையுங்கள். டிக்கெட்டை மட்டும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் போடச் சொல்லுங்கள். குற்றாலத்தில் சீசன் அப்போதுதான்.