கண்ணாடியைத் துறந்த அண்ணன்

தென்கொரியாவில், சுவோன் நகரத்தில், தமிழர்கள் சாப்பாட்டுக்குக் கூடும் வீட்டில் இவர் கட்டாயம் இருப்பார். சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும், இவர் ஜன்னலோரம் நின்றபடி, எதிர் அடுக்ககத்துப் பதினோராம் மாடியில் காயும் சட்டைக்கு எத்தனை பொத்தான் என்று சொல்லிக்கொண்டிருப்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சியோலில் கண்ணுக்கு லேசர் செய்துகொண்டவர் என்று நீங்களே கண்டுகொள்ளலாம்.

அதற்கு முன்னால் சாதுவான மனிதர்தான். எட்டாம் வகுப்பிலிருந்து கண்ணாடி, பவர் மைனஸ் ஐந்தரை. ஜனவரிக் குளிரில் நின்றுவிட்டு ஹீட்டர் போட்ட பஸ்ஸில் ஏறியதும் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். காலி இருக்கை என்று நினைத்து ஒரு கொரியப் பாட்டியின் மடியில் உட்காரப்போன அன்றுதான் முடிவெடுத்தார். சியோலின் கங்னம் வட்டாரத்தில் மாடிக்கு மாடி கண் மருத்துவமனை. கார்னியாவின் தடிமனை அளப்பார்கள். அவெலினோ என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று மரபணுச் சோதனையும் உண்டு. அது இருப்பவருக்கு லேசர் பட்டால் கார்னியாவில் வெள்ளைப் புள்ளிகள் பெருகிவிடும். எல்லாம் சரியென்றால் உள்ளே அனுப்புவார்கள்.

இவருக்குச் செய்தது ‘ஸ்மைல்’ முறை. ஒரு கண்ணுக்கு லேசர் ஓடும் நேரம் அரை நிமிடம் இருக்கலாம். அதை இவர் விவரிக்க முக்கால் மணி நேரம். பச்சை விளக்கையே பார்க்கச் சொன்னது, அது மங்கி மறைந்தது, எழுந்ததும் சுவர்க் கடிகாரம் தெரிந்தது எல்லாம் வரும். பயத்தில் கை நடுங்கியதைப் பார்த்த நர்ஸ், கட்டிக்கொள்ள ஒரு கரடி பொம்மை கொடுத்தது மட்டும் வராது. அது அறைத்தோழர் சொல்லித்தான் தெரியும்.

விவரிப்பின் உச்சத்தில் ரங்கசாமி சீனிவாசன் வருவார். “கண்டுபிடிச்சதே நம்ம ஊர்க்காரர்தான் தெரியுமா?” உண்மைதான், பெருமைதான். சென்னையில் 1929-இல் பிறந்த சீனிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, 1981-இல் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை மறுநாள் எடுத்துப்போய் எக்ஸைமர் லேசரால் அறுத்துப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல் சுத்தமாக வெட்டியது. லேசிக் சிகிச்சைக்கு அதுவே வித்து. ஆனால் ‘ஸ்மைல்’ முறையில் எக்ஸைமரே கிடையாது. அது ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் கொண்டுவந்த வேறு வகை லேசர். இதை இவரிடம் சொல்லிப் பயனில்லை. வான்கோழியிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்.

ஊரில் அம்மாவுக்கு விஷயம் வீடியோ அழைப்பில்தான் தெரிந்தது.

“கண்ணாடி எங்கடா தம்பி?”

“லேசர் பண்ணிட்டேம்மா.”

“கண்ணுல கத்தி வச்சுட்டாங்களா? யாரைக் கேட்டுப் பண்ணுன? எவ்வளவு ஆச்சு?”

“இருபது லட்சம் வொன்.”

இருபது லட்சத்துக்கு அப்புறம் எதுவும் அம்மாவின் காதில் விழவில்லை. நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்குள்தான் என்று மாமா வந்து கணக்குப் போட்டுக் காட்டிய பிறகே அழுகை நின்றது. சமயபுரத்தாளுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துவதாக அன்றே நேர்ந்துகொண்டார். நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக்கொண்டு படுக்கச் சொன்னார். சுவோனில் நந்தியாவட்டைக்கு எங்கே போவது?

சொட்டு மருந்துக் காலம்தான் இவருடைய பொற்காலம். கூட்டத்தின் நடுவில் அலாரம் அடிக்கும். மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போதே தலையை அண்ணாந்துவிடுவார். இரவில் கண்மேல் பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்க எழுந்து வந்து, அறைத்தோழரை அலறவைத்தார். ஆபீஸ் விருந்தில் சோஜு ஊற்றினால், “டாக்டர் குடிக்கக் கூடாதுன்னுட்டார்.” டாக்டர் சொன்ன கெடு எப்போதோ முடிந்துவிட்டது. கண் ஆபரேஷன் என்ற காரணம் இன்னும் செல்லுபடியாகிறது.

தெருவில் இவரோடு நடப்பது தனி வேதனை. கொரிய எழுத்துகளைச் சில நாளில் கற்றுவிடலாம், மொழி அப்படி வராது. “பு-தொங்-சான்” என்று தூரத்துப் பலகையை உரக்க வாசிப்பார். என்ன அண்ணே அர்த்தம் என்றால், “தெரியாது. கண்ணாடி இல்லாம வாசிச்சேன் பாத்தியா?” சொல்லிவிட்டு, மூக்கின் மேல் இல்லாத கண்ணாடியை ஆள்காட்டி விரலால் மேலே தள்ளுவார். பழக்கத்துக்கு எந்த லேசரும் வரவில்லை.

போன மாதம் கடையில் ராம்யன் நூடுல்ஸ் பொட்டலத்தில் மாட்டிறைச்சி கலந்திருக்கிறதா என்று பார்க்க, கையை முழு நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றார். வயது நாற்பத்திரண்டு. வெள்ளெழுத்து வந்துவிட்டது. அது கண்ணுக்குள்ளிருக்கும் லென்ஸ் விறைப்பதால் வருவது. கார்னியாவைச் செதுக்கியதால் அது வராமல் இருக்காது. பழைய மைனஸ் ஐந்தரை இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பொட்டலத்தை மூக்கருகே வைத்துப் படித்திருப்பார். லேசர் அந்த வசதியையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டது.

இதைப் பற்றி மட்டும் அவர் வாய் திறப்பதில்லை. நீங்களும் கேட்டுவிடாதீர்கள், வான்கோழி வந்துவிடும். டைசோ என்ற மலிவுக் கடையில் வாசிப்புக் கண்ணாடி கிடைக்கிறது. அந்தக் கடையில் எந்தச் சாமானும் 5,000 வொன்னைத் தாண்டுவதில்லை.