யாழ்ப்பாணப் பேச்சும் மலையாளச் சாயலும்

கேள்வி: யாழ்ப்பாணத்தார் பேசுவது தமிழ்நாட்டார் பலருக்கு மலையாளம் போல் கேட்பது ஏன்?

பதில்: ‘காற்று’ என்ற சொல்லின் இரட்டை றகரத்தை, நாநுனி மேற்பல்லின் பின்னுள்ள ஈற்று மேட்டை அழுத்தித் தொட ஒலிப்பது பழைய முறை; அதை யாழ்ப்பாணமும் மலையாளமும் கைவிடாதிருக்க, தமிழ்நாட்டின் பெரும்பகுதி ‘காத்து’ என்று தகரமாக்கிவிட்டதால், தன் வீட்டில் தொலைந்த ஒலியைக் கேட்கும் காது அதை அயல்வீட்டுச் சொத்தென்று முடிவு கட்டிவிடுகிறது. இதே ஒலியைக் கைவிடாத குமரி மாவட்டத்தாரும் இந்தத் தீர்ப்புக்குத் தப்புவதில்லை. யாழ்ப்பாணம் காத்துவைத்த பழமை ஒலியோடு நிற்பதில்லை: தொல்காப்பியம் கூறும் மூன்று சுட்டுகளுள், அதாவது இடத்தைக் காட்டும் எழுத்துகளுள், தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்த உகரம், கேட்பவர் அருகிலிருப்பதைக் குறிக்கும் ‘உது’, ‘உவன்’ என்ற வடிவங்களில் யாழ்ப்பாணத்தில் இன்றும் புழங்குகிறது.