மாப்ளைங்க மலை ஏறுறாங்களாமா!

வாங்க மாப்ளைங்க, இப்படித் திண்ணையில உக்காருங்க. புது வண்டி எடுத்திருக்கீங்களாமா. தை பொறந்ததும் என்ற பேத்தியக் கூட்டிக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்குக் கோயமுத்தூர்ல கெளம்பி, வெடியறப்போ ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவுல நின்னு உறைபனி பாக்கப் போறீங்களாமா. நெம்ப சந்தோசமுங்க. மத்தவன் எல்லாம் போத்திப் படுத்திருக்கற நேரத்துல, கண்ணு தானா சொக்கற நேரமாப் பாத்து ஸ்டீரிங்கப் புடிக்கறதுக்கும் ஒரு தைரியம் வேணுமில்லீங்களா.

எனக்கென்னங்க தெரியும். கேரட்டும் உருளைக்கெழங்கும் ஏத்திக்கிட்டு அந்த மலையில இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு எறங்குன பழைய லாரி டிரைவர் நான். உங்க வண்டியில மழை பேஞ்சா வைப்பர் தானா ஆடுதாமா, இருட்டுனா லைட்டு தானா எரியுதாமா, பின்னால எவனாச்சும் நெருங்குனாக் கத்துதாமா. அதுக்கு இருக்கற அறிவுல பாதி எங்கிட்ட இருந்திருந்தா நான் எதுக்குங்க லாரி ஓட்டறேன், கம்முனு கலெக்டராப் போயிருப்பேன். இ-பாஸும் எடுத்தாச்சுன்னு அம்மிணி சொல்லுச்சு. நல்லதுங்க. அதைக் காட்டுனா செக்போஸ்ட்டுக்காரர் வழி உடுவாரு. மேல இருக்கற மூடுபனிக்குப் படிக்கத் தெரியாது, அதான் சங்கடம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 300 சொச்சம் மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். நடுவுல அம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். கல்லாறு வரைக்கும் குளுரு ஒண்ணும் தெரியாது. பர்லியாறு தாண்டுனா அம்மிணி சால்வையத் தேடும். நீங்களும் பொண்டாட்டிக்குக் குளுருதேன்னு ஜன்னலைச் சாத்தி, ஏசியையும் நிறுத்திருவீங்க. பாசம்னா அதுதானுங்க. சித்த நேரத்துல ரெண்டு பேரு மூச்சும் முன் கண்ணாடியில படிஞ்சு வெள்ளையா நிக்கும். உடனே உள்ளங்கையால தேய்ப்பீங்க. கையில இருக்கற எண்ணெய்ப் பிசுக்கு கண்ணாடியில ஒட்டிக்கிட்டு, எதுத்தாப்புல ஒரு லைட்டு வந்ததும் பளபளன்னு கோடு கோடா மின்னும். ரோடு எங்கன்னு நீங்க தேடோணும், வளைவு உங்களைத் தேடும்.

அதுக்கோசரம் ஏசியப் போட்டே வையுங்க. குளுருக்கு ஏசியான்னு சிரிக்காதீங்க மாப்ளைங்க, காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சறது அதுதான். காத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காத்து உள்ள வர்ற பட்டனத் தட்டி, கூடவே ஹீட்டரையும் ஏத்திக்குங்க. கண்ணாடியும் தெளியும், அம்மிணியும் திட்டாது.

குன்னூர்ப் பக்கம் போகப் போக மூடுபனி எறங்கும். அப்போ எல்லா வீரனும் பண்ற வேலை, பிரைட் லைட்டப் போடறது. வெள்ளை வேட்டியக் கொடியில காயப்போட்டு அது மேல டார்ச் அடிச்சாப்புல, அடிக்கற வெளிச்சம் பூராவும் பனியில பட்டு உங்க கண்ணுக்கே திரும்பி வரும். டிம்முல வையுங்க. பம்பருக்குக் கீழ பனி விளக்கு இருந்தா அதையும் போடுங்க. அப்பறம் அந்த நாலு இண்டிகேட்டரையும் சேத்து மினுக்கிக்கிட்டு ஓட்டற பழக்கத்தை ஆரு கத்துக் குடுத்தாங்களோ தெரியலைங்க. நீங்க லெஃப்டுல ஒதுங்கறீங்களா, ரைட்டுல ஏர்றீங்களான்னு பின்னால வர்றவன் ஜோசியம் பாக்கோணுமா? அதெல்லாம் வண்டி நின்னு போனாப் போடறதுக்குங்க.

வேகத்துக்கு நான் சட்டம் பேசறதில்ல. கணக்கை மட்டும் சொல்றேன், நீங்கதான் இன்ஜினியராச்சே. 60-ல போனா ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல ஓடும். முன்னால பத்து மீட்டர்தான் தெரியுதுன்னா, மிச்ச ஆறு மீட்டரை ஆரு பாக்கறது? அதுக்குத்தான் காட்டெருமை இருக்குதுன்னு நெனைக்காதீங்க. அது உங்களைப் பாக்காது. கருகருன்னு ஆயிரம் கிலோ சொமக்கற ஒடம்பு, ரோட்டு நடுவுல அசையாம நிக்கும். மொதல்ல முழங்காலுக்குக் கீழ இருக்கற வெள்ளைதான் தெரியும். பனியில நாலு வெள்ளைக் காலு மட்டும் தனியா நிக்குதேன்னு நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள பானட்டு அது விலாவுல இருக்கும். ஹாரன் அடிச்சு அதுகிட்ட உங்க பதவியச் சொல்லாதீங்க. லைட்டை டிம் பண்ணிட்டு, தள்ளி நின்னு, அது போற வரைக்கும் பொறுங்க. மாமனார் வீட்டுல காப்பி வர்ற வரைக்கும் உக்காந்திருந்த ஆளுதானுங்க நீங்க.

மேல போயிட்டீங்க. ராத்திரி அங்கயே தங்குனா, வெட்டவெளியில நிறுத்துன வண்டியோட கண்ணாடியில உறைபனி ஒட்டியிருக்கும். லாட்ஜுல சுடுதண்ணி கேட்டு வாங்கி ஊத்திராதீங்க, விரிசல் உட்டுரும். இன்ஜினை ஓடவிட்டு, ஹீட்டர் காத்தை மெதுவா ஏத்துனாப் போதும். டயர்லயும் குளுருக்குக் காத்து கொறையும், ஒருக்கா புடிச்சுப் பாத்துக்குங்க. வெய்யில் வந்தாச்சுன்னு துள்ளவும் வேண்டாம், சோலை நெழல் விழற வளைவுல நெம்ப நேரத்துக்கு ரோடு காயாது.

ஒண்ணு மட்டும் வெளையாட்டில்லாமச் சொல்றேனுங்க. குளுருதுன்னு கரி அடுப்பை ரூமுக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்தாதீங்க. வண்டிய ஓடவிட்டுக் கண்ணாடிய ஏத்திட்டு உள்ளயே தூங்காதீங்க. அதுல வர்ற விஷவாயுவுக்கு வாடையும் இல்ல, நெறமும் இல்ல.

இனி எறக்கம். மசினகுடியையும் பாத்துட்டு வரலாம்னு தேடுனா, தலைக்குந்தாவுல இருந்து கல்லட்டி வழியா எறங்கறது கிட்டன்னு கூகுள் அக்கா இனிக்க இனிக்கச் சொல்லும். 36 கொண்டை ஊசி வளைவுங்க அது. வெளியூர் வண்டிய அந்தப் பக்கம் எறங்க உடறதில்ல. செக்போஸ்ட்டுல மாமாவத் தெரியும், மச்சானைத் தெரியும்னு பேசாம, வந்த வழியிலயே குன்னூருக்குத் திரும்புங்க.

குன்னூருக்குக் கீழ பதினாலு கொண்டை ஊசி வளைவு. உங்களுது கியரே மாத்த வேண்டாத வண்டி, சௌகரியமா ‘டி’யில போட்டுட்டு பிரேக்கு மேல காலை வெச்சுக்கிட்டே வருவீங்க. நாலஞ்சு வளைவு தாண்டுனதும் மூக்கை அரிக்கறாப்புல ஒரு கருகல் வாடை வரும். ‘எவனோ டயர் எரிக்கறான் பாருங்க’ன்னு அம்மிணி சொல்லும். நீங்களும் ஆமா ஆமான்னு கண்ணாடிய ஏத்துவீங்க. அது உங்க வண்டி பிரேக் பேடுங்க மாப்ளைங்க.

இந்தக் குளுருல பிரேக் எப்படிச் சுடும்னு கேப்பீங்க. ஒரு டன்னுக்கு மேல இருக்கற வண்டிய அத்தனை ஒசரத்துல இருந்து பிரேக்காலயே தாங்கிப் புடிச்சு எறக்குனா, அந்தச் சூடு எங்கதாங்க போகும்? பிரேக் ஆயில் கொதிச்சு உள்ள ஆவியாச்சுன்னா, பெடல் மெத்துனு கீழ போயிரும், வண்டி நிக்காது. லாரிக்காரன் பாடம் ஒண்ணுதான். எந்த கியர்ல ஏறுவமோ அந்த கியர்லயே எறங்கறது. உங்க வண்டியிலயும் ‘எல்’லுன்னோ ‘எம்’முன்னோ ஒரு எழுத்து இருக்கும், ஷோரூம்காரன் சாவி குடுத்து போட்டோ எடுக்கற அவசரத்துல சொல்லியிருக்க மாட்டான். அதுல போட்டா இன்ஜினே வண்டியப் புடிச்சுக்கும். வளைவுக்கு முன்னால பிரேக்கை நல்லா அழுத்தி, வேகத்தைக் கொறைச்சு, காலை எடுத்துரோணும். தடவிக்கிட்டே வரப்படாது. வாடை வந்துட்டா அகலமான எடமாப் பாத்து ஓரங்கட்டி, டீ குடிச்சு ஆற உடுங்க. சக்கரத்துல தண்ணி ஊத்துனா டிஸ்க் கோணிக்கும்.

எண்ணெய் மிச்சம்னு இன்ஜினை நிறுத்தி நியூட்டரல்ல உருட்டற சூரனுங்களும் இருக்கறாங்க. ரெண்டு மிதி மிதிச்சா பிரேக் கல்லாட்ட எறுகிரும், ஸ்டீரிங்கும் லேசுல திரும்பாது. மிச்சம் புடிச்ச காசு ஆஸ்பத்திரிக்கு எந்த மூலைக்குங்க? இன்னொண்ணு, எறங்கற வண்டிதான் ஏர்ற வண்டிக்கு வழி உடோணும். எதுத்தாப்புல கேஸ் லோடு முக்கிக்கிட்டு வர்றப்போ மூக்கை நுழைச்சு நிக்காதீங்க.

சரி, அம்மிணி தோசை ஊத்தறா, போங்க. திரும்பி வர்றப்போ வர்க்கியும் கேரட்டும் வாங்கியாங்க. வண்டி வாசல்ல வந்து நின்னதும் நான் பையைப் பாக்க மாட்டேன், முன் சக்கரத்துக்கிட்டக் குனிஞ்சு மோந்து பாப்பேன். கருகல் வாடை இல்லைன்னா உங்களுக்கு நாட்டுக்கோழி. இருந்துச்சுன்னா ரசஞ்சோறுதான், அதையும் பஸ்ஸுல போற ஆளுக்குப் போடறாப்புலதான் போடச் சொல்லுவேன்.