இரண்டு கியர்க்காரர்

பழைய மார்க் டூ அம்பாசிடர் வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு நட்டுகூட மாற்றாமல் ‘ஒரிஜினல்’ என்று மார்தட்டுகிறவர் ஒரு ரகம். அவர் வண்டி ஷெட்டைத் தாண்டாது, அவரை விட்டுவிடுவோம். நம்ம ஆள் அடுத்த ரகம். ஒரிஜினல் என்ற பேரும் வேண்டும், கையும் நோகக் கூடாது.

அவருடையது 1968 வண்டி. கியர் கம்பி ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம். மொத்தமே நாலு கியர். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுக்க நின்ற பிறகு போட்டால்தான் கர்ரென்று கத்தாமல் விழும். லிங்க்கேஜ் புஷ் தேய்ந்துபோனால் இரண்டு கியருக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். சிக்னலில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, பானெட்டைத் திறந்து கம்பியைத் தட்டி விடுவிக்க வேண்டும். அப்போது பின்னால் நிற்கும் பஸ் டிரைவர் சொல்வதை அச்சில் ஏற்ற முடியாது.

தொண்ணூறுகளில் வந்த இசுசூ இன்ஜின் அம்பாசிடரில் தரையில் கம்பி, ஐந்து கியர். அந்த கியர் பாக்ஸைத் தேடிப் புதுப்பேட்டைக்குப் போனார். வடித்த கியர் ஆயிலை உள்ளங்கையில் தேய்த்து, வெயிலில் பிடித்து, இரும்புத் தூள் மின்னுகிறதா என்று பார்த்துத்தான் விலையே கேட்டார்.

“அப்படியே மாட்டிடலாம் சார், ரெண்டு நாள் வேலை” என்றார் மெக்கானிக் பாய்.

பழைய இன்ஜினில் போல்ட் துளைகள் ஒத்து வரவில்லை. லேத்துப் பட்டறையில் நடுவே ஒரு தகடு கடைய வேண்டியிருந்தது. கிளட்ச் பிளேட்டின் வெளிச்சுற்று பழைய இன்ஜினுக்கும், உள்ளே இருக்கும் பற்கள் புது பாக்ஸுக்கும் பொருந்த வேண்டும். அப்படி ஒரு பிளேட்டை எந்தக் கம்பெனியும் செய்து வைத்திருக்கவில்லை. புரொப்பெல்லர் ஷாஃப்டை அளவுக்கு வெட்டி, பற்றவைத்து, பேலன்ஸ் பார்த்தார்கள். தீபாவளி போய்ப் பொங்கல் வந்தது. தினமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த நம்மவரைப் பட்டறை முதலாளி என்று நினைத்து, புதிதாக வந்தவர்கள் அவரிடமே பேரம் பேசினார்கள். அவரும் குறைத்துத் தரவில்லை.

கடைசியில், “பழைய கம்பியைக் கழட்டிடவா சார்?” என்றார் பாய். நம்மவர் பதறிப்போனார். “ஐயையோ, அதுதானே வண்டிக்கு அழகு!”

ஆகவே அந்தக் கம்பி எதோடும் சேராமல் அங்கேயே இருக்கிறது. கீழே முளைத்த புதுக் கம்பிக்கு ஒரு டர்க்கி டவல் போர்த்தியாகிவிட்டது. முன்சீட்டில் நடுவே உட்காரும் பேரனின் முழங்காலைத்தான் ஒவ்வொரு கியருக்கும் நகர்த்த வேண்டும். “என்னங்க, கியர் போடறீங்களா, பிள்ளையைக் கிள்றீங்களா?” என்று வீட்டம்மா கேட்காத பயணமில்லை.

பழைய கார் அணிவகுப்பில்தான் ஐயா திணறுவார். கூட்டத்துக்காக மேலே ஒரு கியர், வண்டிக்காகக் கீழே ஒரு கியர். இருப்பதோ ஒரே ஒரு இடது கை. போன தடவை நடுவர் ஜன்னலில் குனிந்து, “ஸ்டியரிங் கியர் சிக்குதா சார்?” என்றார்.

“வெண்ணெய் மாதிரி விழும்!” என்று கம்பியை ஆட்டிக் காட்டினார்.

“தாத்தா, வண்டி கிளம்பப் போகுதா? துண்டை எடுத்துடவா?” என்றான் பேரன்.