முதல் ரெய்கி அமர்வில் படுத்திருத்தல்: ஓர் ஆய்வு

கையை வைத்து ஆற்றல் செலுத்துவதாகச் சொல்லும் ஜப்பானியச் சிகிச்சையான ரெய்கியில், கொடுப்பவர் எங்கே நிற்க வேண்டும், கையை எந்த வரிசையில் எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்று விரித்து எழுதியவர்கள் பலர். பெறுபவரைப் பற்றியோ ஒரு வரிதான்: தளர்வான உடையில் வந்து படுக்கவும். இந்த வரிக்கு இதுவரை யாரும் உரை எழுதவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வின் எல்லை சென்னை நகரம். அதிலும், மாடியேறிப் போய், வாசலில் செருப்பை விட்டு, ஊதுவத்தி மணக்கும் ஏசி அறையில் முதன்முறையாகப் படுப்பவரோடு எல்லை முடிகிறது.

கருதுகோள் இது. ரெய்கியில் பெறுபவருக்கு வேலையே கிடையாது. போட்ட உடையோடு ஒரு மணி நேரம் மல்லாந்து கிடந்தால் போதும். பட்டப்பகலில், காசு கொடுத்து, அறிமுகமில்லாத ஒருவர் முன்னால் சும்மா கிடப்பது நம்மவருக்குப் பழக்கமில்லை. முன்னேற்பாடு என்று சொல்லப்படுவதெல்லாம் அந்தக் கூச்சத்துக்குப் போட்ட போர்வையே.

முதலில் வயிறு. ரெய்கியைத் தொடங்கிய மிக்காவோ உசுயி கியோட்டோவை அடுத்த குராமா மலையில் 21 நாள் உண்ணாநோன்பு இருந்து இந்த ஆற்றலைப் பெற்றார் என்கிறது, 1927இல் அவருடைய மாணவர்கள் தோக்கியோவின் சைஹோஜி கோயிலில் நாட்டிய நினைவுக்கல். கல்வெட்டே சொல்லிவிட்டதால் நம் ஆராய்ச்சி மரபுப்படி மேற்கொண்டு கேள்வி கேட்பதற்கில்லை. இதைக் கொண்டு, பெறுபவரும் வெறும் வயிற்றோடு போவதே முறை என்பர் ஒருசாரார். அது பொருந்தாது. உசுயி மலையில் தனியாக இருந்தார். அவர் வயிறு கத்தியதைக் கேட்க ஆளில்லை. குடல் காலியாக இருக்கும்போது, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, மிச்சம் மீதியைத் துடைத்துத் தள்ளும் சுருக்க அலை ஒன்று இரைப்பையிலிருந்து கிளம்பிச் சிறுகுடல் வழியே ஓடும். பசித்த வயிற்றின் இரைச்சல் பெரும்பாலும் அதனுடையது. அமர்வோ ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை. ஆகவே பட்டினியோடு படுத்தவரின் வயிறு ஒருமுறையாவது வாய் திறக்க வாய்ப்பு மிகுதி. அறையில் ஒலிக்கும் புல்லாங்குழல் அதை மறைக்கும் அளவுக்கு உரத்ததன்று. ரெய்கி கொடுக்கும் மேடம் மலர்ந்த முகத்தோடு "எனர்ஜி நல்லா பாயுது" என்பார். மறுக்கும் நிலையில் நாம் இருக்கமாட்டோம்.

எனவே இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி. மூன்றாவது இட்லியை ஆய்வாளன் பரிந்துரைக்கவில்லை. மல்லாந்து படுத்தால் நாக்கு தொண்டைப் பக்கம் சரியும். வயிறு நிறைந்திருந்தால் தூக்கமும் வரும். இரண்டும் சேர்ந்தால் குறட்டை. காபி கூடாது என்பாரும் உளர். காலைக் காபியை நிறுத்தினால் சிலருக்குத் தலைவலி வருவது மருத்துவம் ஒப்புக்கொண்ட செய்தி. அப்படி வந்த தலைவலி அமர்வு முடிந்து வீட்டுக்குப் போய்க் காபி குடித்ததும் தீர்ந்தால், அந்தப் புண்ணியத்தை யார் கணக்கில் எழுதுவது என்பது தனி ஆய்வுக்குரியது.

உடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சேலைக்காரர்கள் ஊக்கைக் கவனிக்கவும். நகைகளைக் கழற்றி வைக்கச் சொல்வதுண்டு. வளையல் கழலும்; மோதிரம் சோப்புப் போட்டால் கழலும். தாலியையும் மெட்டியையும் கழற்றச் சொல்லும் துணிவு மயிலாப்பூரில் எந்த ரெய்கி மாஸ்டருக்கும் வராது. ஆதலால் ரெய்கி தங்கத்தையும் வெள்ளியையும் ஊடுருவிச் செல்லும் என்ற கொள்கை இங்கே விவாதமின்றி நிலைபெற்றுவிட்டது.

இனித் திசை. வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று பாட்டி சொல்லி வளர்ந்தவர், அறைக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது சூரியன் எந்தப் பக்கம் என்பதை. கட்டிலோ, ஏசி காற்று முகத்தில் அடிக்காதபடி போடப்பட்டிருக்கும். அது வடக்காகிவிட்டால் படுத்தவருக்கு ஒரு மணி நேரமும் பாட்டி நினைவுதான். ரெய்கி அயல்நாட்டுச் சரக்கு, அதற்குப் பாட்டியின் விதி செல்லாது என்று வாதிடலாமோ எனின், செல்லாது என்பதே செல்லாது. ஜப்பானியரும் வடக்கே தலை வைத்துப் படுக்க அஞ்சுவர். இறந்தவரை அப்படிக் கிடத்துவது அவர்கள் வழக்கம், புத்தர் கடைசியாகக் கிடந்த திசை அதுவென்பதால். ஆகவே தயங்காமல் கேட்டுத் தலையணையை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். பாட்டியும் ஜப்பானும் ஒருசேர நம் பக்கம்.

திசையைவிடப் பெரிய சிக்கல் கால். தலையில் தொடங்கிய கை, கடைசியில் பாதத்துக்கு வந்து சேரும். கொடுப்பவர் பெரும்பாலும் நம்மைவிட மூத்தவர். வங்கியில் ஓய்வு பெற்ற அம்மாளாகக்கூட இருக்கலாம். அவர் நின்றுகொண்டிருக்க நாம் படுத்திருப்பதே பொறுக்கவில்லை. இதில் அவர் நம் பாதத்தைத் தொடுகிறார். "ஐயோ மேடம், நீங்க போய்..." என்று பாதி எழுந்துவிடுபவர் உண்டு. பெரியவர் நம் காலைத் தொட்டால் நமக்கு ஆயுள் குறையும் என்ற அச்சம் வேறு. உடம்பு தேற வந்த இடத்தில் இது நட்டக் கணக்கு. தீர்வு எளிது. பல மாஸ்டர்கள் தொடாமலே கையைச் சற்று மேலே நிறுத்தியும் செய்வார்கள். காலுக்கு அப்படியே செய்யச் சொல்லிவிடலாம்.

ஐயத்தோடு போகலாமா என்பது அடுத்த வினா. தாராளமாக. 1900இல் ஹவாயில் பிறந்த ஹவாயோ தக்காத்தா 1935இல் ஜப்பானுக்குப் போய், கடற்படையில் பணியாற்றிய சூஜிரோ ஹயாஷியின் ரெய்கி மருத்துவமனையில் படுத்தார். கைகளின் சூட்டை உணர்ந்ததும் ஏதோ மின்கருவி ஒளித்திருக்கிறார்கள் என்று எண்ணி, கொடுத்தவரின் கிமோனோக் கையைப் பிடித்துப் பார்த்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படிச் சோதித்தவர்தான் ரெய்கியை ஹவாய்க்குக் கொண்டுபோனார். 1980இல் இறப்பதற்குள் 22 மாஸ்டர்களை உருவாக்கினார். மாஸ்டர் பயிற்சிக்கு அவர் வைத்த கட்டணம் 10,000 டாலர். கையைப் பிடித்துப் பார்ப்பது, ஆக, தகுதிக் குறைவாகாது.

இன்னொரு சோதனையும் நடந்தது. ரெய்கிக்கு ஒன்றுவிட்ட தங்கை முறையாகும், அடுத்தவர் உடலின் ஆற்றலைக் கையால் உணர்வதாகச் சொல்லும் 'தெரபியூட்டிக் டச்' செய்பவர்கள் 21 பேரை, எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி திரைக்குப் பின்னால் கையை நீட்டச் சொன்னாள். தன் கை அவர்களுடைய எந்தக் கைக்கு மேல் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 280 முறையில் 123 முறை சரி, 44 விழுக்காடு. காசைச் சுண்டியிருந்தால் பாதியாவது தேறியிருக்கும். அமெரிக்க மருத்துவ சங்க இதழ் 1998இல் இதை வெளியிட்டது. குராமாவில் 21 நாள், இங்கே 21 பேர். எண் கணிதக்காரர்கள் கவனிக்கலாம்.

கடைசி முன்னேற்பாடு நாக்குக்கு. எழுந்து உட்கார்ந்ததும் தண்ணீரைக் கொடுத்து, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்கள். விருந்துக்குப் போன வீட்டில் போட்ட உப்பில்லாத சாம்பாரையே நன்றாக இருக்கிறது என்று சொல்லும் இனம் நாம். "லேசா சூடா தெரிஞ்சது மேடம்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அந்தச் சூடு அடுத்த வாரம் இன்னொருவருக்குச் சான்றாகப் போய்ச் சேரும். எந்த நோய்க்கும் ரெய்கி பயன்படுவதாகத் தெளிவாக நிறுவப்படவில்லை என்று அமெரிக்க அரசின் மாற்று மருத்துவ ஆய்வு மையம் சொல்லியும், நம்மூரில் சூடு பட்டவர்களுக்குக் குறைவில்லாததன் காரணம் இதுவாகலாம்.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். போகிற அன்றும் காலை பிரஷர் மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொள்ளுங்கள். கேட்கும்போது, நன்றாகத் தூங்கினேன் என்றால் தூங்கினேன் என்றும், ஒன்றும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றும் சொல்லிவிடுங்கள். மேடம் கோபித்துக்கொள்ளமாட்டார், இன்று ஒருநாள் கோபப்படாதே என்பது உசுயி வகுத்த ஐந்து நெறிகளில் முதலாவது.