ராத்திரிக்கு என்ன வழி?

கேள்வி: உலகமெங்கும் சூரிய மின்சாரம் பெருகுகிறதாமே! ராத்திரியில் ஃபேன் சுற்றுமா?

பதில்: சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். 2015-இல் உலக மின்சாரத்தில் சூரியனின் பங்கு நூற்றுக்கு ஒன்று. 2024-இல் கிட்டத்தட்ட ஏழு. 2025 ஜூன் மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் அணு, காற்று, எரிவாயு, நிலக்கரி எல்லாவற்றையும் முந்திக்கொண்டு முதலிடம். வெயிலைப் பார்க்கவென்றே விமானம் ஏறுகிற ஜனங்கள்! வெயிலில் புரளும் ஆப்பிரிக்காவோ இன்னும் பின்வரிசையில். சூரியன் இலவசம், தகடும் மலிவு, கடனுக்கு வட்டிதான் சுடுகிறது.

தெற்கு ஆஸ்திரேலியாவின் கதை இதற்கு நேர்மாறு. சில மதியங்களில் அந்த மாநிலத்தின் மொத்தத் தேவையையும் வீட்டுக் கூரைகளே தந்துவிடுகின்றன. மொத்தச் சந்தையில் விலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது. விற்பவரே காசு கொடுத்து, "எடுத்துக்கிட்டுப் போங்க சாமி" என்கிறார். கல்யாண வீட்டில் மிஞ்சிய சாம்பார் தோற்றது.

ஆனால் சாயங்காலம் சூரியன் கடையைக் கட்டும் நேரத்தில்தான் எல்லார் வீட்டிலும் சுவிட்ச் தட்டுகிறார்கள். கலிபோர்னியாவில் இந்தத் தலைவலியை வரைந்து பார்த்தால் கோடு வாத்து மாதிரி வந்ததாம். பெயரும் வாத்துக் கோடு. அதற்கு அவர்கள் கண்ட மருந்து பேட்டரி. 2024-இல் அதன் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. மதியம் நிரப்பி, விளக்கு வைக்கும் வேளையில் செலவழிக்கிறார்கள்.

ஆக, பேட்டரி இருந்தால் ஃபேன் சுற்றும். அது வரும்வரை கிரைண்டரை மதியம் ஓடவிடுங்கள். மாமியார் தூங்கும் நேரம் அது என்றால் நான் பொறுப்பல்ல.